வேட்டைக்காரர் கேட்ட காணி

பதுளை நகரிலுள்ள புனித மாற்கு தேவாலயம் ஒரு வேட்டைக்காரரின் நினைவாக எழுந்தது. மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் படை அதிகாரி. ஊவாவின் உதவி அரசாங்க அதிபராகவும் நீதவானாகவும் இருந்தவர். இந்த மலைகளில் பாதைகள் வெட்டுவித்தவர். ஆனாலும் வரலாறு அவரை நினைவில் வைத்திருப்பது அவர் சுட்டுக்கொன்ற யானைகளுக்காகத்தான். 1,400க்கு மேல் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 1845 ஜூன் 7ஆம் திகதி ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தபோது அவருக்கு வயது 41. அக்காலத்து அரசு யானையைப் பயிரழிக்கும் பிராணியாகக் கருதி, கொன்றவருக்குச் சன்மானம் கொடுத்தது. வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும், 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் 3,500 யானைகளுக்கு இப்படிச் சன்மானம் போனதாகக் காலனியச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதிவைத்திருக்கிறார்.

ரோஜர்ஸின் வழிவந்த வேட்டைக்காரர்கள்தான் அரை நூற்றாண்டு கழித்து அரசிடம் வேறொன்று கேட்டார்கள். காட்டை அரசு தன் கையில் வைத்திருக்க வேண்டும், தோட்டங்களுக்கு விற்றுத் தீர்க்கக் கூடாது, இன்னும் கூடுதலாக எடுத்து ஒதுக்க வேண்டும் என்று கேட்டார்கள். இலங்கையின் மிகப் பழைய தேசியப் பூங்காக்கள் அந்தக் கோரிக்கையிலிருந்து வந்தவை. கொன்று குவித்தவர்களே காவலர்களானதை மனமாற்றக் கதையாகச் சொல்லிவிடுவது எளிது. எனக்கு அது போதாது. அவர்கள் கேட்டதால் ஊவாவின் தலைமாட்டில் இருந்த காட்டின் ஒரு பகுதி தப்பியது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எந்தக் காணியை ஒதுக்குவது, யாருக்காக ஒதுக்குவது, யாரை வெளியே நிறுத்துவது என்பவற்றை அனுமதிப்பத்திரமும் துப்பாக்கியும் வைத்திருந்த சிலர் தீர்மானித்தார்கள். அந்தக் கோணல் வெலிமடையிலிருந்து மகியங்கனை வரை இன்றும் நிமிரவில்லை.

முதலில் காணி எப்படி அரசுக்கு வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். வெலிமடையிலிருந்து சற்றுத் தள்ளிக் கெப்பெட்டிபொல என்று ஒரு சிறு நகரம் இருக்கிறது. 1817, 1818ஆம் ஆண்டுகளின் ஊவா–வெல்லஸ்ஸ கிளர்ச்சியை நடத்தி, 1818 நவம்பர் 26இல் கண்டியில் தலை வெட்டப்பட்ட திசாவையின் பெயர் அது. கிளர்ச்சியை அடக்கிய படைகள் நெல்லையும் மாட்டையும் வீட்டையும் சேர்த்து அழித்தன. ஊவாவின் கிழக்குச் சரிவில் வெல்லஸ்ஸ, பிபிலைப் பக்கத்து வயல்கள் பல ஆளில்லாமல் கிடந்தன. அந்தப் பகுதியைத்தான் பின்வந்த ஆங்கில வேட்டைக்காரர்கள் புல்லும் மரத்தோப்பும் மானும் யானையும் நிறைந்த அழகிய பூங்கா நாடு என்று வருணித்தார்கள். மனிதர் விரட்டப்பட்ட இடத்தில் விலங்கு பெருகியது என்பதை அந்த வருணனைகளை வாசிக்கும்போது நாம்தான் சேர்த்து வாசிக்க வேண்டியிருக்கிறது.

அடுத்து வந்தது 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். காடு, தரிசு, குடியில்லாத நிலம், பயிரிடாத நிலம் எதுவானாலும், வேறு ஒருவருடையது என்று நிரூபிக்கப்படும்வரை அது முடிக்குரிய காணியாகவே கொள்ளப்படும் என்றது சட்டம். கண்டி மாகாணங்களில் சேனைக் காணிக்கு உரிமை கோருபவர் சன்னஸ் என்னும் அரச மானியப் பத்திரம் காட்ட வேண்டும், அல்லது வழக்கமான வரி கட்டியதற்குச் சான்று காட்ட வேண்டும். மழையை நம்பிச் சில ஆண்டுக்கு ஒருமுறை சேனை வெட்டிக் குரக்கன் விதைத்த குடும்பத்திடம் பத்திரம் எங்கே இருக்கும்? காணி கைமாறியது. ஏக்கர் 5 ஷில்லிங்குக்கு விற்கப்பட்டது. 1844இல் விலை 20 ஷில்லிங்காக உயர்ந்தது. வாங்கியவர்களில் அந்தக் காணியை விற்க அதிகாரம் பெற்றிருந்த உத்தியோகத்தர்களும் இருந்தார்கள். கோப்பி வந்தது. கோப்பிக்காகத் தமிழகத்திலிருந்து நம் முன்னோர் கொண்டுவரப்பட்டார்கள். 1869இல் இலைத்துரு நோய் தலைகாட்டிக் கோப்பி படிப்படியாக அழிந்தது, அதன்பின் தேயிலை.

இப்போது வேட்டைக்காரரின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். வாரத்தில் ஆறு நாள் காட்டை வெட்டித் தோட்டமாக்கும் துரைதான், ஏழாம் நாள் நாய்களோடு அதே காட்டுக்குள் மரை துரத்தப் போனார். சாமுவேல் பேக்கர் 1848இல் குடியேறிகளை அழைத்துவந்து நுவரெலியாவில் பண்ணை அமைத்தார். 1855 வரை அங்கிருந்தார். வேட்டை நாய்கள் மரையை ஓடைக்குள் மடக்க, கத்தியோடு இறங்கிக் குத்துவது அவருக்குப் பிடித்த விளையாட்டு. ஹோர்ட்டன் சமவெளியில் ஒரு நீர்வீழ்ச்சிக்கு இன்றும் அவர் பெயர்தான். அதே சமவெளியில் ஃபார் இன் என்று அழைக்கப்படும் பழைய கட்டடம், தோட்டத் துரையும் மரை வேட்டைப் பிரியருமான தோமஸ் ஃபாரின் பெயரைச் சுமக்கிறது. அது வேட்டைக்காரர் தங்கும் விடுதியாக இருந்தது. இந்த மனிதர்களுக்குள் இரண்டு ஆசைகள் ஒன்றையொன்று தின்றன. காணி விற்கப்பட்டால் தோட்டம் விரியும். தோட்டம் விரிந்தால் மரை இல்லாமல் போகும்.

1870களில் இந்த மோதல் வெளிப்படையானது. தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல் லண்டனிலிருந்து கொடுத்த ஆலோசனை, 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டாமல் விடுங்கள் என்பது. அவர் சொன்ன காரணம் மழையும் நீரும் மண்ணும் சார்ந்தது. வேட்டை அதில் இல்லை. வேட்டைக்காரருக்கு அந்தக் கோடு மிகப் பொருத்தமாக அமைந்தது. மரை திரியும் குளிர் மேட்டுநிலம் முழுவதும் அந்தக் கோட்டுக்கு மேலேதான் இருந்தது. 1885இல் காட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. 1872இலும் 1891இலும் வேட்டை விலங்குகளைக் காக்கும் சட்டங்கள் வந்தன. 1894இல் இலங்கை வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் உருவானது. இன்று வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் என்று அறியப்படும் அமைப்பின் பிறப்பு அதுதான். தோட்டத் துரைமாரும் அரச உத்தியோகத்தர்களும் அதில் முன்னின்றார்கள்.

சங்கம் கேட்டது கிடைத்தது. 1900இல் யால பிரதேசம் வேட்டை தடைசெய்யப்பட்ட சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 1905இல் வில்பத்து. யாலவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு நிலப்பகுதியும் ஒதுக்கப்பட்டது. அதன் பெயர் தீவில் வசிக்கும் வேட்டையாளருக்கான ஒதுக்கிடம். அனுமதி எடுத்தவர் அங்கே சுடலாம். சரணாலயத்தில் பெருகும் விலங்கு ஒதுக்கிடத்துக்குள் வழிந்து வரும் என்பது கணக்கு. யாலவின் முதற் காவலராக 1908இல் நியமிக்கப்பட்ட எங்கல்பிரெக்ட், தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட போயர் கைதி. முதல் உலகப் போரில் எம்டன் என்ற ஜெர்மன் கப்பலுக்கு இறைச்சி கொடுத்தார் என்று பொய்க்குற்றம் சாட்டப்பட்டுச் சிறையும் கண்டவர். அக்காலத்தில் அம்பாந்தோட்டை உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வூல்ஃப் அந்தக் காட்டோரச் சிற்றூர்களின் பசியை நேரில் பார்த்தார். 1913இல் வெளிவந்த அவருடைய நாவலில் சேனையும் வேட்டையுமாக வாழும் குடும்பங்கள்தான் மையம். நிர்வாகக் கோப்புகளில் திருட்டு வேட்டைக்காரராக வந்துபோனவர்கள் அங்கே மனிதராக வந்தார்கள். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட காலனிய எழுத்தில் இது எவ்வளவு அரிது என்பதை அந்தக் காலத்து வேட்டை நினைவுக்குறிப்புகள் சிலவற்றை வாசித்தவர்கள் அறிவார்கள்.

இங்கே காலத்தைக் கவனியுங்கள். வேட்டைச் சங்கம் 1894இல். 1897இல் தரிசு நிலக் கட்டளைச் சட்டம். அதன்படி அரசு ஒரு காணியைக் குறித்து அறிவித்தல் ஒட்டும். மூன்று மாதத்துக்குள் யாரும் உரிமை கோராவிட்டால் காணி முடிக்குச் சொந்தம். இந்தச் சட்டத்துக்கு எதிராகச் சிலாபச் சங்கமும் சி. இ. கொரயாவும் கிளம்பினார்கள். அரசு நிலத்தை எடுப்பதற்கு வரம்பு வேண்டும் என்பது அன்று வளர்ந்துவந்த தேசிய அரசியலின் கோரிக்கைகளில் ஒன்று. அரசு நிலத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்பது வேட்டைச் சங்கத்தின் கோரிக்கை. ஒரே பத்தாண்டு, ஒரே காணி, இரண்டு குரல். முதலாவது குரலில் பேசியவர்களும் காணியுள்ளவர்கள்தான்; சேனைக்காரருக்கோ லயத்தில் இருந்தவருக்கோ இரண்டு மேடையிலும் இடமில்லை.

இது இலங்கைக்கு மட்டும் உரியதல்ல. நீலகிரியில் 1877இல் வேட்டைச் சங்கம் தோன்றியது. 1879இல் சென்னை மாகாண அரசு நீலகிரி வேட்டைவிலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. வேட்டைக்குப் பருவம், அனுமதி, கட்டணம் எல்லாம் வந்தன. வரையாடு அந்த மலையில் பிழைத்திருப்பதில் அந்தச் சங்கத்துக்குப் பங்கு உண்டு. இறைச்சிக்காக வேட்டையாடியவரைக் குற்றவாளியாகவும், கொம்புக்காக வேட்டையாடியவரைக் கனவானாகவும் பிரித்ததிலும் அதற்குப் பங்கு உண்டு. ஊட்டியும் நுவரெலியாவும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருப்பது தட்பவெப்பத்தால் மட்டும் அல்ல.

அமெரிக்காவில் இந்தக் கதை இன்றும் உயிரோடு இருக்கிறது. அங்கே சில மாநிலச் சட்டமன்றங்களில் அரசு புதிதாக நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்தும் மசோதாக்கள் அவ்வப்போது வருகின்றன. இருக்கும் அரசு நிலமே அதிகம், வரி வருமானம் குறைகிறது, பண்ணைக்காரருக்கு நிலம் கிடைப்பதில்லை என்பது அதற்கான வாதம். எதிர்த்து முன்னால் நிற்பவர்களில் வேட்டைக்காரர் சங்கங்களும் உண்டு. காரணம் எளிது. சொந்தக் காடு வைத்திருக்கும் பணக்காரருக்கு எங்கும் வேட்டை உண்டு. சம்பளக்காரருக்கு அரசு நிலம் மட்டும்தான் உண்டு. 1937ஆம் ஆண்டின் பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வசூலாகும் வரி மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்குப் போகிறது; வாழிடம் வாங்கவும் அது பயன்படுகிறது. மொன்டானா மாநிலத்தில் 1987 முதல் வேட்டை அனுமதிக் கட்டணத்தின் ஒரு பகுதி வாழிடங்களைக் காப்பதற்கென்று ஒதுக்கப்படுகிறது. 2025 ஜூனில் கூட்டாட்சி அரசின் நிலத்தில் இலட்சக்கணக்கான ஏக்கரை விற்கும் திட்டத்தை செனட்டர் மைக் லீ வரிச் சட்டத்துக்குள் சேர்க்க முயன்றபோது, அவருடைய கட்சிக்கே வாக்களித்துவந்த வேட்டைக்காரர்கள் பெருமளவில் கிளம்பினார்கள், திட்டம் கைவிடப்பட்டது.

அமெரிக்க வேட்டைக்காரரின் வாதத்தில் நான் மதிக்கும் அம்சம் ஒன்று உண்டு. அவர் தன் பணத்தைப் போட்டு, விற்க விரும்பும் ஒருவரிடமிருந்து வாங்கி, எல்லோருக்கும் திறந்துவிடச் சொல்கிறார். (அந்த நிலமெல்லாம் ஒரு காலத்தில் செவ்விந்தியரிடமிருந்து எவ்வாறு எடுக்கப்பட்டது என்பது வேறு கணக்கு, அதையும் மறக்கக் கூடாது.) இலங்கையில் அரசு வாங்கவே இல்லை. 1840ஆம் ஆண்டின் அனுமானம் ஒன்றே போதுமானதாக இருந்தது. வாங்குவதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தால், எதிரே உட்கார்ந்து பேரம் பேச ஓர் ஆள் இருந்திருப்பார். அனுமானத்துக்கு எதிரே யாரும் உட்காருவதில்லை. வரம்பில்லாத அரசு நிலம் வேண்டும் என்ற ஒரே கோரிக்கை இரண்டு நாடுகளில் இரண்டு பொருள் தருவது இதனால்தான்.

தற்செயலாக அதே 1937இல்தான் இலங்கையின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் வந்தது. 1938இல் யாலவும் வில்பத்தும் தேசியப் பூங்காக்களாயின. பழைய வேட்டையாளர் ஒதுக்கிடம் யால பூங்காவுக்குள் சேர்ந்தது; இன்று சிறுத்தை பார்க்க வாகனங்கள் வரிசையில் நிற்பது பெரும்பாலும் அந்த மண்ணில். துப்பாக்கி போய்க் கமரா வந்தது. ஹோர்ட்டன் சமவெளிக்கு முறை வர இன்னும் நாளானது: 1969இல் இயற்கை ஒதுக்கிடம், 1988இல் தேசியப் பூங்கா, 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமை. பரப்பு 3,160 ஹெக்டேயர். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆற்றுத் தொகுதிகளுக்கும் அங்கிருந்து நீர் இறங்குகிறது. பொரலந்த வழியாக ஓகியவுக்கு ஏறிப் போகும் பாதையில் ஒருபக்கம் மரக்கறித் தோட்டமும் யூகலிப்டஸும், மேலே ஏற ஏறப் பாசி படர்ந்த மலைக்காடும் தெரியும். அந்தக் கோடு கண்ணுக்கே தெரிகிறது. அது இல்லாமல் போயிருந்தால் வெலிமடைப் படிவயல்களுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை எண்ணும்போது, மரை துரத்திய துரைமாரின் பிடிவாதத்துக்கு நன்றி சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. நான் அதைத் தயங்காமல் சொல்கிறேன்.

ஆனால் அந்தப் பிடிவாதம் எங்கே நின்றுபோனது என்பதையும் பார்க்க வேண்டும். வெலிமடைப் பள்ளத்தாக்கு இரண்டு பருவக்காற்றுக்கும் மறைவில் கிடப்பது. ஆடி ஆவணியில் கச்சான் காற்று காய்ந்து வீசும். அந்தக் காற்றுதான் ஊவாத் தேயிலைக்கு மணம் கொடுக்கிறது. அதே காற்றில்தான் பத்தனா என்று சிங்களத்தில் சொல்லப்படும் புல்மலைகள் தீப்பிடித்து எரிகின்றன. இந்தப் புல்மலைகளில் ஊரார் மாடு மேய்த்தார்கள், மூலிகை பறித்தார்கள், கூரைக்குப் புல் அறுத்தார்கள். வேட்டைக்காரருக்கு இதில் ஆர்வம் இல்லை. மரை கூட்டமாக நிற்கும் ஈரப் புல்வெளி மேலே இருந்தது. எனவே காக்க வேண்டும் என்று யாரும் கேட்காத அரசு நிலமாக இது கிடந்தது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்த மலைகளில் பைன் மரங்கள் நடப்பட்டன; யூகலிப்டஸும் நடப்பட்டது. பைன் காட்டின் அடியில் ஊசியிலை மெத்தையைத் தவிர வேறு எதுவும் அதிகம் முளைப்பதில்லை. தீப்பிடித்தால் அது எண்ணெய் போல எரிகிறது. மாடு போன இடம் மூடப்பட்டது, ஊற்று வற்றியது என்று ஊர்ப் பெரியவர்கள் குறைப்படுவதை இந்தப் பக்கத்தில் எங்கும் கேட்கலாம். மேலே இருக்கும் நிலமும் கீழே இருக்கும் நிலமும் ஒரே அரசின் நிலம். ஒன்றுக்காகப் பேச ஆளிருந்தது, மற்றதற்கு இல்லை.

வேட்டைக்காரர் என்ற பெயருக்கு மிக உரியவர்களிடம் வருகிறேன். மகியங்கனைக்கு அப்பால் தம்பானை இருக்கிறது, பதுளை மாவட்டம்தான். வேடர்களின் ஊர். துரித மகாவலித் திட்டத்தில் நீர்த்தேக்கங்களும் குடியேற்றங்களும் வந்தபோது, அழியும் காட்டுக்கு ஈடாகச் சில பூங்காக்கள் அறிவிக்கப்பட்டன. 1983 நவம்பர் 9ஆம் திகதி 58,850 ஹெக்டேயர் பரப்பில் மாதுறு ஓயா தேசியப் பூங்கா வர்த்தமானியில் வந்தது. அதற்குள் அடங்கியது வேடர்களின் வேட்டைக்காடு, தேன்காடு, முன்னோர் ஆவிகளுக்குப் படைக்கும் இடங்கள். பல குடும்பங்கள் ஹெனானிகல முதலிய குடியேற்றங்களுக்கு மாற்றப்பட்டு நெல்வயல் கொடுக்கப்பட்டார்கள். தலைவர் ஊருவரிகே திசாஹாமி போக மறுத்துத் தம் குடும்பத்தாரோடு கொட்டபக்கினியவிலேயே இருந்தார், 1998இல் மறைந்தார். அவர் மகன் வன்னில அத்தோ 1996இல் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் சபையின் பழங்குடி மக்கள் குழுவில் தம் மக்களின் வழக்கை முன்வைத்தார்.

வேட்டைச் சங்கத்துக்கு யால பக்கத்தில் சரணாலயமும் கிடைத்தது, சுடுவதற்கு ஒதுக்கிடமும் கிடைத்தது. எண்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து வேடருக்குப் பூங்கா கிடைத்தது, ஒதுக்கிடம் கிடைக்கவில்லை. சட்டம் மாறிவிட்டது, காலம் மாறிவிட்டது, விளையாட்டு வேட்டை யாருக்கும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் வில்லும் கோடரியும் கொண்டு உணவுக்காகக் காட்டில் இருந்தவரை, கொம்புக்காகச் சுட்டவரோடு ஒரே பிரிவில் அடக்கியது நீதியாகாது. இந்தியாவில் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், எவ்வளவோ குறைகளோடுதான், காட்டை அரசு வைத்திருக்கும்போதே அதில் வாழ்பவரின் பயன்பாட்டு உரிமையை எழுத்தில் ஏற்றது. இலங்கையில் அதற்கு இணையான சட்டம் இல்லை.

அதன்பின் நடந்ததுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பில், ஆனால் ஒதுக்கிடமாகப் பிரகடனப்படுத்தப்படாமல், நாடெங்கும் சிதறிக் கிடக்கும் காடுகள் உண்டு. எச்சக் காடுகள் என்று அவற்றைச் சொல்வார்கள். 5/2001 என்ற சுற்றறிக்கை அவற்றுக்குக் காவலாக இருந்தது. 2020 நவம்பரில் அது நீக்கப்பட்டு, அந்தக் காடுகளைப் பயிர்ச்செய்கைக்கு விடுவிக்கும் பொறுப்பு மாவட்ட, பிரதேச செயலாளர்களின் பக்கம் நகர்ந்தது. அதே ஆண்டில் பொல்லெபெத்த–ரம்பகன் ஓயா பகுதியில் மகாவலி அதிகார சபையின் நிலத்தில் சோளச் செய்கைக்காகக் காடு அழிக்கப்படுவதை எதிர்த்து, வன்னில அத்தோவும் சூழல் நீதிக்கான நிலையமும் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். வேட்டைக்காட்டை அரசிடம் இழந்த ஒரு சமூகத்தின் தலைவர், காட்டைக் காடாகவே வைத்திருக்குமாறு அதே அரசை நிர்ப்பந்திக்க நீதிமன்றம் ஏறினார். அமெரிக்க வேட்டைக்காரர் சட்டமன்றத்தில் நிற்பதும் இதுவும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. வேறுபாடு, வேடருக்கு அந்தக் காட்டில் சட்டப்படியான பங்கு ஏதும் இல்லாமலேயே அதற்காக வாதாட வேண்டியிருந்தது.

இனி நம் பக்கம். வெலிமடைத் தோட்டங்களில் லயத்தின் பின்னால் ஒரு துண்டு மரக்கறி போடுபவருக்கும், உருளைக்கிழங்கு போடும் கிராமத்து விவசாயிக்கும் காட்டுப்பன்றி பொதுவான பகை. ஓர் இரவில் ஒரு பாத்தியை உழுதுபோட்டுவிடும். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணி முதல் ஐந்து நிமிடம் நாடெங்கும் குரங்கு முதலிய பயிரழிக்கும் விலங்குகளை எண்ணும் கணக்கெடுப்பு நடத்த வேண்டிய அளவுக்கு இத்தகைய விலங்குகளின் பிரச்சினை முற்றியது. காட்டுப்பன்றி சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு அல்ல. ஆனால் பயிர்ப் பாதுகாப்புக்கென்று துப்பாக்கி அனுமதி கேட்பவர் காணி ஆவணம் காட்ட வேண்டும். தோட்டத்து மனிதரிடம் காணி ஆவணம் இல்லை. அவருக்கு மிஞ்சுவது கம்பிச் சுருக்கு. சில இடங்களில் கட்டுத்துவக்கு. சுருக்குக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் தோட்டமொன்றில் சுருக்கில் மாட்டிய அரிய கருஞ்சிறுத்தை சிகிச்சை பலனின்றி இறந்ததை நாடே பார்த்தது. சுருக்குக் கட்டுவது கொடுமை. அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் சட்டத்துக்கு உட்பட்ட வழி ஒருவருக்குக் காணி வழியாக மட்டுமே திறக்கும்போது, காணியில்லாதவர் எந்த வழியில் போவார் என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் யோசித்திருக்க வேண்டும். துரைக்கு அனுமதியும், கூலிக்குச் சுருக்கும் என்ற பழைய பிரிவினை இன்னொரு உருவில் தொடர்கிறது.

தோட்டத்து மனிதரிடம் ஏன் காணி இல்லை என்ற கேள்வி மீண்டும் 1840க்குத்தான் கொண்டுபோகிறது. முடிக்காணியாக எடுத்து விற்கப்பட்ட மலையில் அவர்கள் குடியமர்த்தப்பட்டார்கள். 1935இல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் நிலமற்றோருக்கு அரச காணி பகிர்ந்தபோது, அதன் பயனைப் பெறும் இலங்கையர் என்ற வரையறைக்கு வெளியே இந்தியத் தமிழர் வைக்கப்பட்டார்கள். 1948இல் குடியுரிமையே போனது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. அப்போதும் அங்கே வாழ்ந்தவர் காணியாளர் ஆகவில்லை. 1992இல் தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளுக்குப் போயின. நிலம் அரசிடம், குத்தகை 53 ஆண்டுக்கு. வீடமைப்புத் திட்டங்களில் 7 பேர்ச் கொடுக்கப்படுவது சில ஆயிரம் குடும்பங்களை எட்டியிருக்கிறது. ஆக வெலிமடையிலிருந்து ஹப்புத்தளை வரை தேயிலை நிற்கும் மலைகளில் பெரும்பகுதி இன்றும் அரச காணி. தேசியப் பூங்காவும் அரச காணி. பைன் காடும் அரச காணி. அவற்றின் நடுவே தலைமுறை தலைமுறையாக இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு உறுதிப்பத்திரம் கொண்ட துண்டு நிலம் இல்லை.

அரசு எடுப்பது எப்போதும் கெடுதல் என்று நான் சொல்ல வரவில்லை என்பதை இதுவரை வாசித்தவர் அறிவார். எடுத்தபின் என்ன எழுதப்படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உமா ஓயாத் திட்டத்துக்காக வெலிமடைப் பக்கம் புஹுல்பொலவிலும் டைராபாவிலும் அணைகள் வந்தன. காணி சுவீகரிக்கப்பட்டது, 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டப்படி பத்திரம் உள்ளவருக்கு இழப்பீடு கிடைக்கும். சுரங்கப்பாதைக்குள் நீர் பொங்கி, பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றி வீடுகளில் விரிசல் விழுந்தபோது, இழப்பை நிரூபிக்கும் சுமை குடியிருந்தவர் தலையில் விழுந்தது. 2024 ஏப்ரலில் 120 மெகாவாட் நீர்மின் நிலையம் திறந்துவைக்கப்பட்டது. மின்சாரம் நாட்டுக்குத் தேவைதான். ஆனால் எடுப்பதற்கான சட்டம் நமக்கு எவ்வளவு வலுவாக இருக்கிறதோ, எடுத்த நிலத்தின் ஓரத்தில் வாழ்பவரின் உரிமையைச் சொல்லும் சட்டம் அவ்வளவு மெலிந்து கிடக்கிறது.

குத்தகைகள் 2045இல் முடிகின்றன. இருபது ஆண்டு நீண்ட காலம் போலத் தோன்றும். காணி விடயத்தில் அது குறுகிய காலம். அப்போது அந்த மலைகளை என்ன செய்வது என்பதற்கு மூன்று பக்கத்திலிருந்து குரல் வரும். கம்பனிகள் நீட்டிப்புக் கேட்கும். பாதுகாப்பு அமைப்புகள் உயர்மலைத் தோட்டங்களின் உச்சிகளைக் காட்டோடு சேர்க்கச் சொல்லும். சிறுத்தைக்கும் நீருக்கும் அது நல்லது என்பதால் நானும் அந்தக் கோரிக்கையோடு நிற்பேன். மூன்றாவது குரல் லயத்திலிருந்து வர வேண்டியது. வரைபடம் எழுதப்படும் முன் சில விடயங்களை இப்போதே பிரதேச செயலகத்தில் பதிவு செய்து வைக்கலாம். எந்த ஊற்றிலிருந்து எந்த லயம் தண்ணீர் எடுக்கிறது, எந்தப் பாதை வழியாக விறகுக்குப் போகிறார்கள், எந்தப் புல்மலையில் யாருடைய மாடு மேய்கிறது, எந்த மேட்டில் மாடசாமியும் முனியாண்டியும் நிற்கிறார்கள், எந்தப் பாத்தி எத்தனை தலைமுறையாக யார் கையில் இருக்கிறது என்பவற்றைத் தோட்டம் தோட்டமாக எழுத வேண்டும். 1897இல் அறிவித்தல் ஒட்டியபோது சேனைக்காரரிடம் காட்ட எதுவும் இல்லாததால் மூன்று மாதத்தில் காணி போனது. அடுத்த அறிவித்தல் ஒட்டப்படும்போது வெலிமடைத் தோட்டத்தவர் கையில் அந்தப் பதிவேடு இருக்க வேண்டும். அதை எழுத ஆசிரியர்களும் தொழிற்சங்கக் கிளைத் தலைவர்மாரும் கிராம சேவையாளரும் போதும்.